ஊர் மின்சாரமும் கணக்குப் புத்தகமும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் நிகழ்த்திய உரை)



கல்விக் கழகத்தின் விழாவில் மின்சாரத்தைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்று சிலர் எண்ணக்கூடும். பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். நம் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் இரவில். பகலெல்லாம் உழைக்கும் வீட்டில் புத்தகத்தைத் திறக்கும் நேரம் விளக்கேற்றிய பின்னரே வருகிறது. எனினும் இன்று நாம் சொல்ல விரும்புவது விளக்கைப் பற்றி மட்டுமன்று. மின்சாரம் ஊருக்கு வருவது ஒன்று; வந்த மின்சாரம் யாருடைய ஆளுகையில் இருக்கிறது என்பது வேறொன்று. இந்த இரண்டாவதைப் பற்றித்தான் நம் இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் முன்னோர் தெருவுக்காகவும் கிணற்றுக்காகவும் போராடினர். 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில், பொதுத் தெருக்களும் பொதுக் கிணறுகளும் எல்லா மக்களுக்கும் உரியவை என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கொண்டு வந்தார். 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகத் நகரில் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். அக்குளம் எல்லோருக்கும் பொது என்று அந்நகராட்சி முன்னரே தீர்மானம் செய்திருந்தது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தீர்மானம் ஏட்டில் இருந்தது. நம் மக்களுக்கு நீர் கிட்டவில்லை. ஏட்டில் இருப்பதைக் கைக்குக் கொண்டு வருவதற்கே அந்தப் போராட்டம் தேவைப்பட்டது. மின்சாரத்தின் கதையும் இதற்குப் பெரிதும் மாறுபட்டதன்று.

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தின் சிற்பியாக நாம் அறிவோம். அவர் மின்சாரத்தைப் பற்றியும் ஆழ்ந்து சிந்தித்தவர் என்பதை நம் இளைஞர் பலர் அறியார். 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக அவர் பணியாற்றினார். நீர்ப்பாசனமும் மின்சாரமும் அத்துறையைச் சார்ந்திருந்தன. 1943 அக்டோபரில், போருக்குப் பிந்திய மின் வளர்ச்சியை ஆராயக் கூடிய கொள்கைக் குழுவின் தலைவராக அவர் ஆற்றிய உரை இன்றும் படிக்கத் தக்கது. மின்சாரம் மலிவாகவும் மிகுதியாகவும் கிடைக்க வேண்டும். அஃதின்றித் தொழில் வளராது. தொழில் வளராவிடில் நிலத்தையே நம்பிக் கிடக்கும் மக்களின் வறுமை நீங்காது என்பதே அவர் வாதத்தின் சாரம். மின்சாரம் தனியார் கையில் இருப்பதா, அரசின் கையில் இருப்பதா என்ற வினாவையும் அவர் அங்கே எழுப்பினார். யார் கையில் என்பதே முதல் வினா என்பதை அவர் கண்டிருந்தார். நாட்டுக்கு அன்று அவர் எழுப்பிய வினாவை நம் ஊருக்கு இன்று நாம் எழுப்புகிறோம்.

மின்வசதி பெற்ற கிராமம் என்றால் என்ன? இதற்கு அரசு வகுத்த இலக்கணத்தின் வரலாற்றை அறிந்தால் நம் நிலை விளங்கும். 1997ஆம் ஆண்டு வரை, ஒரு கிராமத்தின் வருவாய் எல்லைக்குள் எங்கேனும் எக்காரியத்திற்கேனும் மின்சாரம் பயன்பட்டால் அது மின்வசதி பெற்ற கிராமம். வயலின் நடுவே ஒருவருடைய பம்புசெட்டு ஓடினால் போதும். ஒரு வீட்டிலும் விளக்கு எரிய வேண்டுவதில்லை. 1997இல் மக்கள் குடியிருக்கும் பகுதிக்குள் மின்சாரம் பயன்பட வேண்டும் என்று திருத்தினார்கள். 2004ஆம் ஆண்டில்தான், தலித் குடியிருப்பு ஒன்று அவ்வூரில் இருக்குமாயின் அங்கும் மின்மாற்றியும் கம்பியும் இருத்தல் வேண்டும் என்ற வரி அந்த இலக்கணத்தில் இடம் பெற்றது. பள்ளி, ஊராட்சி அலுவலகம், சுகாதார நிலையம் போன்ற பொது இடங்களுக்கும், நூற்றுக்குப் பத்து வீடுகளுக்கேனும் மின்சாரம் இருக்க வேண்டும் என்பதும் அப்போது சேர்ந்தது. நாடு விடுதலை பெற்று 57 ஆண்டுகளுக்குப் பின்னரே நம் தெருவும் ஊரின் ஒரு பகுதி என்று மின்துறையின் ஏடு ஒப்புக்கொண்டது.

2018 ஏப்ரல் 28ஆம் நாள், மணிப்பூரின் லெய்சாங் என்னும் சிற்றூருடன் நாட்டின் எல்லாக் கிராமங்களும் மின்வசதி பெற்றுவிட்டன என்று நடுவண் அரசு அறிவித்தது. மகிழத்தக்க செய்திதான். ஆயினும் மேற்சொன்ன இலக்கணப்படி, 300 வீடுள்ள ஊரில் 30 வீடுகளில் விளக்கு எரிந்தாலே அவ்வூர் மின்வசதி பெற்றதாகிவிடும். எஞ்சிய 270 வீடுகள் யாருடையவை என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீடுகளைக் கணக்கிட்டு இணைப்புத் தரும் திட்டம் 2017 செப்டம்பரில்தான் தொடங்கிற்று.

இணைப்புக் கிடைத்த பின்னரும் ஒரு வேறுபாடு உண்டு. அதைப் பௌதிகம் படித்த நம் மாணவர்கள் எளிதில் உணர்வார்கள். மின்மாற்றியிலிருந்து கம்பி நீள நீள மின்னழுத்தம் குறையும். நீளம் இரு மடங்கானால் இழப்பும் இரு மடங்கு. வழியிலுள்ள வீடுகளில் மோட்டார்கள் ஓடினால் கடைசி வீட்டிற்குச் சேரும் அழுத்தம் மேலும் குறையும். அங்கே மின்விசிறி மெல்லச் சுழலும்; மோட்டார் சூடேறிக் கருகும். மின்சாரத்திற்குச் சாதி தெரியாது. ஆனால் மின்மாற்றியை எங்கே நடுவது, கம்பியின் கடைசிக் கம்பத்தை எந்தத் தெருவில் நிறுத்துவது என்று முடிவு செய்வோருக்கு அது தெரியும். குழி தோண்டியவரும் கம்பம் சுமந்தவரும் நம்மவராக இருந்த ஊர்களிலும் அந்த முடிவைச் செய்த இடத்தில் நம்மவர் இருந்ததில்லை.

இனி, இன்று பல நாடுகளிலும் பேசப்படுகின்ற ஊர் மின்தொகுப்பு என்பது யாதெனப் பார்ப்போம். தொலைவிலுள்ள அனல் நிலையத்தையோ அணைக்கட்டையோ மட்டும் நம்பியிராமல், ஓர் ஊரோ ஒரு குடியிருப்போ தானே மின்சாரம் ஆக்கித் தானே பகிர்ந்து கொள்வது அது. சூரியத் தகடுகள், மின்சாரத்தைச் சேமிக்கும் பாட்டரிகள், வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர், கம்பி, மீட்டர் ஆகிய ஐந்தும் அதன் உறுப்புகள். சூரியத் தகட்டிற்குப் பதிலாகச் சில ஊர்களில் சிற்றாறும், காற்றாலையும், உமியும் எரிசக்தி தருகின்றன. பீகாரின் மேற்குச் சம்பாரண் மாவட்டத்தில் தம்குகா என்னும் சிற்றூரில் 2007ஆம் ஆண்டு நெல் உமியை வாயுவாக்கி மின்சாரம் எடுக்கத் தொடங்கினர். ஆலையின் கழிவாய்க் கிடந்த உமி அங்கே ஊருக்கு ஒளி தந்தது.

இதன் நிர்வாகம் எத்தகையது என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒரு குடியிருப்பில் 50 வீடுகள் இருப்பதாகவும், 10 கிலோவாட் சூரியத் தகடுகள் இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். நம் நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். ஆகப் பத்துக்கு 40 யூனிட். பாட்டரியிலும் கம்பியிலும் ஐந்தில் ஒரு பங்கு இழப்பாகும், எஞ்சுவது 32. ஒரு வீட்டில் நான்கு விளக்குகள், ஒரு மின்விசிறி, ஒரு சிறு தொலைக்காட்சி இவை சில மணி நேரம் இயங்க 0.6 யூனிட் வேண்டும். 50 வீட்டுக்கு 30. நாள் முடிவில் கையிருப்பு 2 யூனிட். கணக்கு நேராகிறது, யாருக்கும் குறையில்லை.

இப்போது அவர்களில் ஒருவர் ஒரு குதிரைத்திறன் மோட்டாரை நான்கு மணி நேரம் ஓட்டுகிறார் என்போம். அது ஏறத்தாழ 4 யூனிட்டை உண்ணும். கையிருப்பு 2 போக, மேலும் 2 யூனிட் யாரோ சிலர் வீட்டு இருளிலிருந்து வரவேண்டும். மூன்றுக்கும் மேற்பட்ட வீடுகள் தம் பங்கை முழுதும் இழந்தால்தான் அந்த மோட்டார் ஓடும். மழைக்காலத்தில் தகடு பாதி மின்சாரமே தரும் நாளில் இந்தச் சிக்கல் பன்மடங்காகும். அந்நாளில் யார் விளக்கை முதலில் அணைப்பது? பிரசவம் பார்க்கும் வீட்டிற்கா, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கா, மாவரைக்கும் கடைக்கா, யாருக்கு முதலிடம்? இவற்றை எந்திரம் முடிவு செய்யாது. எந்திரத்தில் அளவு குறித்து வைப்பவர் முடிவு செய்வார். அவர் யார், அவரை யார் நியமித்தார், அவர் யாருக்குக் கணக்குக் காட்டுவார் என்பவையே நம் வினாக்கள்.

அடுத்தது பணம். வெயிலுக்கு விலையில்லை, பாட்டரிக்கு விலை உண்டு. பழைய வகை ஈய அமிலப் பாட்டரி நன்கு பேணினாலும் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளே உழைக்கும். நாம் சொன்ன 50 வீட்டுக் குடியிருப்பில் பாட்டரிகளின் விலை 3 லட்சம் ரூபாய் என்றும், அவை 5 ஆண்டு உழைக்கும் என்றும் கொண்டால், மாதம் 5,000 ரூபாய் தனியே எடுத்து வைக்க வேண்டும். வீட்டுக்கு 100 ரூபாய். முதல் நாள் தொட்டு இதைச் சேமிக்காத ஊரில் ஐந்தாம் ஆண்டின் இறுதியில் விளக்கு அணைந்துவிடும். நன்கொடையாக வந்த நிலையங்கள் பல வீழ்ந்தது இங்கேதான். திறப்பு விழாவுக்குப் பணம் தந்தோர், பாட்டரி மாற்றும் நாளில் அங்கே இருப்பதில்லை.

பீகாரின் ஜெகனாபாத் மாவட்டத்துத் தர்ணை கிராமம் இதற்குத் தக்க சான்று. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்த அவ்வூரில் 2014 சூலையில் கிரீன்பீஸ் அமைப்பின் முயற்சியால் 100 கிலோவாட் சூரிய மின்தொகுப்பு ஏற்பட்டது. ஏறத்தாழ 450 வீடுகளுக்கும் 50 கடைகளுக்கும் மின்சாரம் கிடைத்தது, தெருவிளக்குகள் எரிந்தன. நாடெங்கும் பேசப்பட்ட முயற்சி அது. ஆயினும் குளிர்பதனப் பெட்டி போன்ற மிகுதியாக மின்சாரம் உண்ணும் கருவிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று மக்களிடம் சொல்ல வேண்டியிருந்தது. கட்டணமும் அரசு மின்சாரத்தைவிட மிகுதி. முன்னாள் முதலமைச்சர் வருகை தந்தபோது, எங்களுக்கு உண்மையான மின்சாரம் வேண்டும் என்று அம்மக்கள் கேட்டனர். சிறிது காலத்தில் அரசு மின்கம்பியும் வந்தது. மக்கள் அதன் பக்கம் சென்றனர். சில ஆண்டுகளில் பாட்டரிகள் வலுவிழந்தன, நிலையம் செயலற்றது, பின்னர் அவ்விடத்தில் மாடு கட்டியிருந்ததைச் செய்தியாளர்கள் கண்டு எழுதினர்.

இதைக் கொண்டு அம்மக்களைக் குறை கூறுவது நேர்மையன்று. நகரத்தார்க்கு வரம்பில்லா மின்சாரம், நாட்டுப்புறத்தார்க்கு நான்கு விளக்கு என்ற பிரிவினையை அவர்கள் ஏற்கவில்லை. நமக்குத் தனிக் குவளை வைத்த காலத்தை அறிந்த நாம் அந்த மறுப்பின் பொருளை நன்கு உணர்வோம். ஊர் மின்தொகுப்பு, பெரிய மின்சாரத்திற்கு மாற்றாக ஏழைக்குத் தரப்படும் குறைந்த பங்காக இருத்தல் கூடாது. பெரிய மின்சாரத்தோடு இணைந்து நிற்கும் ஊர்ச் சொத்தாக அது இருத்தல் வேண்டும்.

விளக்கு மட்டும் வந்தால் வாழ்வு உயர்ந்துவிடுமா என்பதையும் ஆய்ந்திருக்கிறார்கள். உத்தரப்பிரதேசத்தில் ஒரு நிறுவனம் சிறு சிறு குடியிருப்புகளில் தகடு அமைத்து, வீட்டுக்கு இரண்டு விளக்கும் கைபேசிக்கு மின்னேற்றமும் தந்து, வாரத்திற்கு 25 ரூபாய் அளவில் கட்டணம் பெற்றது. அதன் விளைவைப் பாரபங்கி மாவட்டத்தின் 81 குடியிருப்புகளில் ஆராய்ந்து 2017இல் முடிவை வெளியிட்டனர். மண்ணெண்ணெய்ச் செலவு குறைந்தது. மின்விளக்குள்ள வீடுகள் பெருகின. ஆனால் சேமிப்போ, புதுத் தொழிலோ, பிள்ளைகள் படிக்கும் நேரமோ குறிப்பிடத்தக்க அளவில் கூடியதாகச் சான்று கிடைக்கவில்லை. இதிலிருந்து நாம் கற்கும் பாடம் தெளிவானது. இருள் நீங்குவது தொடக்கமே. தையல் எந்திரமும், மாவரைக்கும் எந்திரமும், தச்சுப் பட்டறையும் ஓடும் அளவுக்கு மின்சாரம் வரவேண்டும். அதை விற்றுப் பெறும் வருவாயும் நம் மக்களிடம் சேர வேண்டும்.

ஆகவே மின்சார வாணிகத்தைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். நண்பகலில் தகடு மிகுதியாகத் தரும். வீடுகளில் தேவை குறைவு. இரவில் தேவை மிகுதி, தகடு தருவதில்லை. பகல் மின்சாரத்தைப் பாட்டரியில் இட்டு இரவில் எடுத்தால் இழப்பும் தேய்மானமும் உண்டு. எனவே பகல் யூனிட்டை மலிவாகவும் இரவு யூனிட்டைச் சற்று உயர்வாகவும் விற்பது முறை. பகலில் ஓடும் ஆலையும் பட்டறையும் மலிவாக வாங்கினால் அவர்களுக்கும் ஆதாயம். வீணாகும் மின்சாரம் காசாவதால் ஊருக்கும் ஆதாயம்.

வீட்டுக்கு வீடு விற்பதும் உண்டு. வங்காளதேசத்தில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தால் நாற்பது லட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் தனித்தனிச் சூரியத் தகடுகள் அமைந்தன. ஒரு வீட்டில் மின்சாரம் மிஞ்சி வீணாக, அடுத்த வீட்டில் தகடு வாங்க வகையில்லாதிருப்பதைக் கண்டு, 2015 முதல் சில ஊர்களில் அவ்வீடுகளைக் கம்பியால் பிணைத்தனர். தகடுள்ளவர் மிஞ்சியதை விற்றார். இல்லாதவர் வேண்டிய அளவு வாங்கினார். இடையே ஒரு சிறு கருவி யார் எவ்வளவு தந்தார், யார் எவ்வளவு பெற்றார் என்று கணக்கெழுதியது.

பெரிய மின்தொகுப்புக்கு விற்பது மூன்றாவது வகை. குசராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி என்னும் சிற்றூரில் 2016ஆம் ஆண்டு ஆறு உழவர்கள் தம் சூரியப் பம்புகளை ஒன்றாகப் பிணைத்துக் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். மொத்தம் 56.4 கிலோவாட். தம் பாசனத்திற்குப் போக மிஞ்சியதை ஒரே மீட்டர் வழியாக அரசு மின்நிறுவனத்திற்கு யூனிட் 4 ரூபாய் 63 காசு வீதம் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் விற்றனர். மின்சாரம் விலை போகும் பொருளானதும், நிலத்தடி நீரை வீணே இறைப்பதைவிட விற்பதே மேல் என்ற எண்ணம் உண்டாயிற்று. வெயிலும் ஒரு விளைபொருள் என்று சொல்லும் நிலை பிறந்தது.

நல்ல முயற்சியே. ஆனால் நம் கண்ணுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். வெயிலை அறுவடை செய்ய அவர்களுக்கு நிலமும் கிணறும் பம்பும் இருந்தன. நிலமற்றவருக்கு அந்த அறுவடையில் பங்கு ஏது? வெயில் எல்லோர் தலையிலும் சமமாக விழுகிறது. பட்டா எல்லோர் கையிலும் இல்லை. தகடு வைக்கத் தனி நிலம் இல்லாத நாம் பொது இடத்தைத்தான் நாட வேண்டும். பள்ளியின் கூரை, சமுதாயக் கூடத்தின் கூரை, ஊராட்சிக் கட்டிடத்தின் கூரை, இக்கழகத்தின் கூரை இவையெல்லாம் நமக்கு வயல்கள்.

இதற்குச் சட்டத்தில் இடமுண்டு. 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம், மாநில அரசு அறிவிக்கும் ஊரகப் பகுதியில் மின்சாரம் ஆக்கி வினியோகிப்பவருக்கு உரிமம் தேவையில்லை என்கிறது. ஊராட்சிகளும், பயனாளர் சங்கங்களும், கூட்டுறவுச் சங்கங்களும் உள்ளூர் வினியோகத்தை நிர்வகிக்கலாம் என்பதும் அச்சட்டத்தின் 5ஆம் பிரிவில் உள்ளது.

நம் மாநிலத்திலேயே ஓர் ஊராட்சி இவ்வழியில் நடந்து காட்டிற்று. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சி, 2003இல் மரக்கழிவை வாயுவாக்கும் 9 கிலோவாட் நிலையத்தைக் குடிநீர் இறைக்க அமைத்தது. 2006இல் வங்கிக் கடனும் தன் சேமிப்பும் சேர்த்து ஒரு கோடியே 55 லட்சம் ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கிற்று. ஊராட்சியின் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் ஈடு செய்தது போக மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்திற்கு விற்பனையாயிற்று. மின்கட்டணம் செலுத்தி வந்த ஊராட்சி மின்சாரம் விற்கும் ஊராட்சியானது.

ஊராட்சி என்ற உடனே மற்றொன்றும் நம் நினைவுக்கு வருகிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகள் 1996இல் நம் மக்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, 2006 வரை அங்கே முறையான ஊராட்சி ஆட்சி நடக்க விடவில்லை. தலைவர் நாற்காலியைத் தர மனமில்லாத ஊரில், மின்சாரத்தின் சாவியைத் தர மனம் வருமா? ஊர் மின்தொகுப்பு ஊர்ப் பெரியதனக்காரரின் கொல்லையில் அமைந்தால், கூலி கேட்டதற்கும், காதலித்து மணந்ததற்கும், திருவிழாவில் உரிமை கேட்டதற்கும் நம் தெருவின் கம்பி துண்டிக்கப்படலாம். கிணற்றை அடைத்தவர்க்குக் கம்பியை வெட்டுவது எளிது. 2016 சனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம், பொதுச் சொத்தைப் பயன்படுத்த விடாது தடுப்பதையும், சமூக பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. அச்சட்டம் மின்கம்பிக்கும் பொருந்தும் என்பதை நம் இளைஞர்கள் வாதிட்டு நிலைநாட்ட வேண்டும்.

நம் மாநிலத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு மின்வாரியக் கம்பி வந்துவிட்டதே, 2016இல் இரு மாதத்திற்கு முதல் 100 யூனிட் கட்டணமின்றி ஆக்கப்பட்டதே, பிறகு இதெல்லாம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வீட்டு விளக்குக்காக மின்வாரியத்தை விட்டு வெளியேறுமாறு நாம் யாருக்கும் சொல்லவில்லை. அது நம் உரிமை, அதை விடலாகாது. ஆனால் கூரைதோறும் தகடு ஏறும் காலம் வந்துகொண்டிருக்கிறது. மின்சாரத்தை வாங்குவோரே விற்போராகவும் ஆகும் காலம் அது. அந்தச் சந்தையில் சொந்தக் கூரையும் பட்டாவும் வங்கிக் கடனும் உள்ளோர் விற்போராவர். நாம் மட்டும் என்றென்றும் வாங்குவோராகவே நிற்போம். நிலம் பங்கிடப்பட்ட நாளில் நம் முன்னோர் அவையில் இல்லை. வெயில் பங்கிடப்படும் நாளில் நாம் அவையில் இருந்தாக வேண்டும்.

அதற்கு நாம் செய்யத் தக்கவை சிலவற்றைக் கூறி முடிக்கிறோம்.

முதலாவது, எவ்வூரில் மின்தொகுப்பு அமைந்தாலும், கம்பம் நடுமுன் வரைபடத்தைக் கேட்டுப் பார்க்க வேண்டும். மின்நிலையம் எங்கே, நம் தெரு எத்தனை மீட்டர் தொலைவில், கம்பியின் கனம் என்ன என்பவற்றைக் கணக்கிட்டுக் கேட்க வேண்டும். கம்பம் நட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

இரண்டாவது, வீடுதோறும் மீட்டர் இருத்தல் வேண்டும். ஆக்கியது எவ்வளவு, விற்றது எவ்வளவு, வந்த பணம் எவ்வளவு என்று மாதந்தோறும் பொது இடத்தில் பலகையில் எழுதி, எழுதப் படிக்கத் தெரியாதோர்க்கு உரக்கப் படித்துக் காட்டவும் வேண்டும்.

மூன்றாவது, நிர்வாகக் குழுவில் தெருவுக்கு ஒருவர், பாதிப்பேர் பெண்கள் என்ற முறை வேண்டும். மகளிர் குழுக்களில் வாரச் சேமிப்பையும் கடனையும் எழுதிப் பழகிய நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கு கடினமன்று. எந்திரம் பார்ப்பவரும் பணம் வாங்குபவரும் வேறு வேறாக இருத்தல் நலம்.

நான்காவது, பாட்டரிக்கான பணம் தனி வங்கிக் கணக்கில், இருவர் கையொப்பத்தில் இருத்தல் வேண்டும். திருமணத்திற்கென்றோ திருவிழாவுக்கென்றோ அதைத் தொடலாகாது.

ஐந்தாவது, கட்டணம் கட்டத் தவறியவரின் இணைப்பை எப்போது, எத்தனை நாள் முன்னறிவிப்புடன், யார் ஒப்புதலுடன் துண்டிக்கலாம் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். எழுதாத விதி என்றும் வலியவர் பக்கமே சாயும். பெரிய மின்கம்பி வரும் நாளில் இந்த நிலையம் அதனோடு எவ்வாறு இணையும், யாருக்கு எவ்விலைக்கு விற்கும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

இவையனைத்திற்கும் அடிப்படை கல்வி. தொழிற்பயிற்சி நிலையத்தில் மின்பணி படித்த நம் இளைஞர்கள் எத்தனையோ பேர் ஒப்பந்தக்காரரிடம் நாட்கூலிக்குக் கம்பம் ஏறுகிறார்கள். வணிகவியல் படித்த நம் பெண்கள் வேலைக்குக் காத்திருக்கிறார்கள். அவன் கைத்தொழிலும் இவள் கணக்கறிவும் ஓர் அறையில் கூடினால் ஓர் ஊரின் மின்சாரத்தை நடத்தலாம். நம் கழகம் அடுத்த ஆண்டில் இதற்கென ஒரு மாலை வகுப்பைத் தொடங்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். கழகக் கூரையில் சிறு அளவில் தகடு அமைத்து, அதன் கணக்கை மாணவர்களே எழுதட்டும். ஆண்டு முடிவில் அந்தக் கணக்கைப் பொதுக்குழுவின் முன் அவர்களே படிக்கட்டும். பெரியோர்கள் கேள்வி கேட்கட்டும்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நம் பிள்ளைகள் கையில் எழுதுகோலைத் தந்தது இக்கழகம். அந்த எழுதுகோலால் தேர்வு எழுதினோம். வேலைக்கு விண்ணப்பம் எழுதினோம். இனி ஊரின் பொதுக் கணக்கையும் எழுதுவோம். அதற்கு வேண்டிய அறிவு நம்மிடம் உண்டு. நாற்காலியைக் கேட்டு வாங்கும் துணிவும் வேண்டும்.